தேதி தேய்ந்த எருமைக்காசு

பிப்ரவரியில் ஒரு நாளை மட்டும் ஆர்விட் லாஹ்தி வீட்டில் கழிப்பதில்லை. விடியும்போதே இழுவைப் பலகையில் பனித்துளைப்பானையும் தூண்டிலையும் கட்டிக்கொண்டு உறைந்த ஏரிக்குக் கிளம்பிவிடுவார். அமெரிக்காவின் வடகோடி ஏரிக்கரை ஊரான தூலூத்தில் இருப்பவர்கள் மீன்பிடிக்க ஏரிக்குப் போவது அதிசயமில்லை. ஆனால் ஆர்விட் அன்றைக்கு மீன் கொண்டு வந்ததாக அவர் மனைவி வெர்னாவுக்கு நினைவில்லை. வெர்னா அன்று கேக் செய்து வைத்திருப்பார். இருட்டிய பிறகு வருகிற மனுஷன் அதைத் திரும்பிப் பார்க்காமல் படுக்கப் போய்விடுவார். மறுநாள் காலை, மிச்சம் மீதியைத் தின்பதுபோல இருவரும் அதைக் காப்பியோடு சாப்பிட்டு முடிப்பார்கள்.

அந்த நாள் ஆர்விட்டின் பிறந்தநாள். அரசாங்கக் காகிதத்தின்படி.

"எனக்குப் பொறந்தநாள்னு ஒண்ணு கெடையாது. கண்டெடுத்த நாள்தான் இருக்கு" என்பார் ஆர்விட்.

அது உண்மைதான். ஊருக்குப் பின்னால் லாஹ்தி குடும்பத்தின் பண்ணை இருந்தது. ஒரு சனிக்கிழமை, பின்லாந்துக்காரர்கள் எல்லார் வீட்டிலும் நடப்பதுபோல, அங்கேயும் நீராவிக் குளியலுக்காகச் சவுனாவைச் சூடுபண்ணி வைத்திருந்தார்கள். முதலில் குளிக்கப் போனவர் கதவைத் திறந்தால், கீழ்ப்படிப் பலகையில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அளவுக்கு மீறிய கம்பளிக் கோட்டு. இரண்டு கைகளும் முழங்கால்மேல். தன் முறை வருவதற்குக் காத்திருப்பவன்போல. யார் கொண்டுவந்து விட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் காலடித் தடம்கூட மிஞ்சவில்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணிவிட்டு இரண்டரை வயது என்றார். லாஹ்தி வீட்டு அம்மா பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டரையா? நாலுக்குக் கொறையாது" என்றாள். அதிகாரி இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷத்தைப் போட்டு, அந்தச் சனிக்கிழமையையே தேதியாக எழுதிக்கொண்டு போனார். பையன் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டான்.

நன்றாகத்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பிரசவமெல்லாம் சவுனாவில்தான் நடக்கும். வீட்டிலேயே சூடும் சுத்தமும் உள்ள இடம் அதுதான். அதனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கேலி தயாராகக் கிடைத்தது. "நாங்கல்லாம் சவுனாவுலேர்ந்து வெளிய வந்தவங்கடா. நீ ஒருத்தன்தான் வெளியிலேர்ந்து உள்ள போனவன்." இப்போது இதை எங்களிடம் சொல்லும்போது ஆர்விட்டும் சிரிப்பார். இதற்கு வெர்னா சிரித்து நான் பார்த்ததில்லை.

இரும்புத்தாதுக் கப்பல் துறையில் ஆர்விட் ஆயுள் முழுக்க வேலை பார்த்தார். ஆளைப் பார்த்தால் துறையிலிருந்து ஒரு துண்டு கழன்று வந்ததுபோல் இருக்கும். வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். தூலூத்தின் செங்குத்துத் தெருக்களில், பனியில், பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்த, சறுக்காமல் இறங்கியவர். அதே தெருக்களில் காரை எடுக்க இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிதில் இரண்டு ஸ்வெட்டருக்குமேல் கோட்டு போட்டுக்கொண்டு குப்பை போட வெளியே வந்த நாளிலிருந்து ஆர்விட் என்னை "ஸ்வெட்டர்" என்றுதான் கூப்பிடுவார். பெயரைக் கேட்டார், சொன்னேன், இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ஸ்வெட்டரே இருக்கட்டும்" என்றார்.

போன வருஷம் அந்த நாளில் பனி உடைந்தது. ஆர்விட் இடுப்புவரை ஏரிக்குள் போய்விட்டார். பக்கத்தில் பனிமேல் கொட்டகை போட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கயிறு வீசி இழுத்தார்கள். கால்சட்டை விறைத்துப் பலகைபோல நிற்க, வீட்டு வாசலில் வந்து இறங்கியவர் சொன்ன முதல் வார்த்தை, "துளைப்பான் போச்சு."

இந்த வருஷம் குளிர் இன்னும் குறைவு. கரையோரத்தில் பகலில் தண்ணீர் மின்னியது. புதுத் துளைப்பான் வாங்கிவிட்டார்.

"போகாதேன்னு சொன்னா போவாரு. அழுதா இன்னும் சீக்கிரமாப் போவாரு" என்றார் வெர்னா. "பொறந்தநாள்னு ஒண்ணு அவருக்கே வேணும்னு தோணினாதான் நிப்பாரு. ஒரு பரிசு வாங்கணும், கண்ணு. என்னைக் காசுக் கடைக்குக் கூட்டிட்டுப் போ."

கண் அறுவை சிகிச்சை முடிந்து வெர்னா வண்டி எடுக்காமலிருந்த சமயம் அது. காசு என்று யோசித்ததற்குக் காரணம் இருந்தது. ஆர்விட்டின் ஒரே பொழுதுபோக்கு காசு வேட்டை. வங்கியில் ஒரு சென்ட் காசுகளை அடுக்கிச் சுற்றிய காகித உருளைகளை வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் கொட்டி, கோதுமைக் கதிர் போட்ட பழைய சென்ட் எதுவும் கலந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியோடு தேடுவார். கிடைத்ததை ஜாடியில் போட்டுவிட்டு மீதியை வங்கிக்கே திருப்பிக் கொடுப்பார். கடையில் மட்டும் வாங்கமாட்டார். வாங்கினால் அது வேட்டை இல்லையாம்.

கடை மலைச்சரிவின் பாதியில் இருந்தது. நான் சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்பி, கை பிரேக்கைப் போட்டு, அது நிஜமாகப் பிடித்திருக்கிறதா என்று இறங்கியும் பார்த்துவிட்டு உள்ளே போவதற்குள் வெர்னா சண்டையை ஆரம்பித்துவிட்டார்.

"டேய் கோர்டி, பூட்ஸை உதறிட்டு வாங்கன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்க. கல்லாவுக்குக் கீழ உன் பூட்ஸைப் பாரு, கொளமா நிக்குது."

கடைக்காரர் கோர்டி ஹவுத்தலாவுக்கு அறுபது வயதிருக்கும். வழுக்கை. சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "மிஸஸ் லாஹ்தி, நான் பஸ்ஸைவிட்டு எறங்கி நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு."

"சீட்டுக்கு அடியில நீ ஒட்டுன சூயிங்கம் அங்கயேதான் இருந்துச்சு. நான்தான் சொரண்டினேன்."

"சரி, என்ன வேணும்னு சொல்லுங்க. அந்தக் கடனைக் கழிச்சுடறேன்."

முதலில் ஒரு வெள்ளி டாலரை எடுத்து வெர்னாவின் உள்ளங்கையில் வைத்தார். கை ஒரு கணம் கீழே தாழ்ந்தது. வெர்னாவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"இவ்ளோ கனமா? இதையா ஜேப்புல போட்டுட்டுத் திரிஞ்சாங்க?"

"ரொட்டி வாங்கினாங்க, பால் வாங்கினாங்க."

விலையைச் சொன்னதும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல அதை வெல்வெட்டின்மேல் வைத்தார் வெர்னா. "வேணாம்டா. இதுக்காடி பென்ஷனைக் கரைச்சேன்னு அதுக்கும் சேத்து ஏரிக்குப் போயிடுவாரு."

அடுத்து வந்தது சின்னப் பத்து சென்ட். அதுவும் வெள்ளிதான். தொப்பியில் இறக்கை முளைத்த ஒரு முகம். விலை கைக்கு அடக்கம்.

"எல்லாரும் இதை மெர்க்குரிம்பாங்க. ரோமாபுரி ஆம்பளைச் சாமின்னு எவனோ தப்பா நெனச்சுட்டான். உண்மையில இது பொண்ணு. சுதந்திரம்ங்கறதுக்காக இறக்கை வெச்சாங்க" என்றார் கோர்டி.

"யாரும் திருத்தலையா?"

"ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான்."

வெர்னா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இறக்கையின் ஒவ்வொரு தூவியும் தனித்தனியாகத் தெரிந்தது. நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதற்குள் ஒருவன் இத்தனையையும் செதுக்கியிருக்கிறான் என்பதே எனக்கு நம்பமுடியாமல் இருந்தது. இதுதான், முடிந்தது, இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"நல்ல தேர்வு" என்று சொல்லிக்கொண்டே கோர்டி பின்னாலிருந்து நீளமான தட்டு ஒன்றை இழுத்தார். வருஷ வாரியாக வரிசை வரிசையாகக் காசுகள். "பொறந்தநாளுக்குன்னா பொறந்த வருஷத்துக் காசுதான் எல்லாரும் குடுப்பாங்க. ஆர்விட் எந்த வருஷம்?"

வெர்னா கையிலிருந்த பத்து சென்டை வெல்வெட்டின்மேல் வைத்தார்.

கோர்டிக்கு மறந்தே போயிருந்தது. ஊருக்கே தெரிந்த கதைதான். ஞாபகம் வந்ததும் வழுக்கைத் தலை முழுக்கச் சிவந்தது. "இல்ல... சுமாரா ஒரு வருஷம்..."

"சுமாரா ஒண்ணுதான் காகிதத்துல இருக்கு. அதைத்தான் அவருக்குப் பிடிக்கல" என்றார் வெர்னா. கையுறையை மாட்ட ஆரம்பித்தார்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தொட்டி இருந்தது. விலைபோகாத காசுகளைக் கொட்டி வைப்பது. பூட்ஸ் பட்டையை இறுக்க வெர்னா அதன் விளிம்பில் கையை ஊன்றினார். பிறகு குனிந்தபடியே நின்றுவிட்டார். ஒரு காசை எடுத்தார். பழைய ஐந்து சென்ட். ஒரு பக்கம் செவ்விந்தியர் ஒருவரின் முகம். மறுபக்கம் காட்டெருமை. இரண்டும் மழையில் நின்ற பாறைபோல மழுங்கியிருந்தன.

"இது என்ன வருஷம்? கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அதுல தேதியே கெடையாது. எருமைக்காசுல அது ஒரு கோளாறு. தேதியக் கொண்டுபோய் அந்த ஆளோட தோள்பட்டையில, மேட்டுல வெச்சுட்டாங்க. ஜேப்புலயும் கல்லாவுலயும் உரசி உரசி மொதல்ல தேயறது அதுதான். மொகம் இருக்கும், எருமை இருக்கும். எப்பப் பொறந்ததுங்கறது மட்டும் போயிடும்."

எங்கள் ஊரில் எருமை என்றால் திட்டு. ஓர் எருமையை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது போதும்" என்றார் வெர்னா.

"மிஸஸ் லாஹ்தி, அது பரிசு குடுக்கற சாமான் இல்ல. பசங்களுக்குச் சும்மா அள்ளிக் குடுக்கறது."

"போதும்னு சொன்னேன்."

கோர்டி கன்னத்தைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல இருந்தது. "ஒரு வழி இருக்கு. ஒரு ஆசிட் இருக்கு, மேட்டு எடத்துல ஒரு சொட்டு விட்டா தேதி திரும்பி வரும்."

"போனது எப்படிடா திரும்பி வரும்?"

"போகல. அச்சு அடிச்சப்ப விழுந்த அடி மேலோட நிக்கறதில்ல, உள்ள வரைக்கும் எறங்கிடும். எண்ணு தேஞ்சாலும் அதுக்கு அடியில இருக்கற உலோகம் இறுகினபடியே இருக்கும். ஆசிட் அந்த எடத்தை வேற மாதிரி தின்னும், அதனால எண்ணு தெரிய வரும். ஆனா ஒண்ணு. கறை விழும். அப்புறம் ஒரு காசுக்காரனும் அதைக் கையால தொடமாட்டான். ஆர்விட்டுக்கே பிடிக்காது."

வெர்னா என்னைப் பார்த்தார். நான் ஆசிட் என்ற சொல்லிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் புட்டியையும் குடு. போடறதும் போடாததும் அவர் இஷ்டம்."

இரண்டுக்கும் சேர்த்துக் கோர்டி காசு வாங்க மறுத்தார். சூயிங்கம் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னார். பரிசென்றால் காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்று வெர்னா கல்லாவில் வைத்துவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் புட்டி என் மடியருகே குலுங்கியது. இரண்டு பள்ளத்துக்கு முன்னால் வண்டியையே நிறுத்திவிட்டு மெதுவாக ஏறி இறங்கினேன்.

பிறந்தநாள் காலையில் வெர்னா என்னைக் கூப்பிட்டிருந்தார். "நீ இருந்தா அவர் கத்தமாட்டாரு." நான் போனபோது சமையலறையில் கேக் தயாராக இருந்தது, ஏலக்காய் ரொட்டியும் வெந்துகொண்டிருந்தது. ஆர்விட் ஏற்கெனவே பூட்ஸோடு நின்றிருந்தார். வாசலில் இழுவைப் பலகை. புதுத் துளைப்பானின் அலகு பளபளத்தது.

"ஸ்வெட்டரைக் காவலுக்குக் கூப்ட்டிருக்கியா? நல்ல ஆளாப் பாத்து வெச்ச. பனியப் பாத்தாலே அதுக்குக் காய்ச்சல் வரும்."

"ஏரி மோசமா இருக்குன்னு வானொலியிலயே சொன்னாங்க" என்றேன்.

"வானொலிக்காரன் ஏரிக்கு வந்தானா?"

"போறதுன்னா போ, யாரு பிடிச்சா" என்றார் வெர்னா. "இதை மட்டும் பாத்துட்டுப் போ." ஒரு சின்னப் பெட்டியை மேஜைமேல் தள்ளினார்.

ஆர்விட் உட்காரவில்லை. நின்றபடியே திறந்தார். காசை எடுத்துப் பழக்கப்பட்ட விரலால் திருப்பினார். எருமை. முகம். கட்டைவிரல் தோள்பட்டைக்குப் போய் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தது. அவர் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே வடிந்துவிட்டது.

"தேதி இல்ல."

"ஆமா."

"கோர்டி கடைத் தொட்டியில கெடந்ததா?"

"ஆமா."

"சரியாத்தான் பொறுக்கியிருக்க. எனக்கு ஏத்தது." பெட்டியை மூடினார். "சவுனாவுல கண்டெடுத்தவனுக்குத் தொட்டியில கண்டெடுத்தது." கையுறையைத் தேடினார்.

நான் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும், இது கேலிபோல ஆகிவிடும் என்று. வெர்னா மட்டும் அசையவில்லை. சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனின் பையிலிருந்து அந்தப் புட்டியை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அது என்னவென்று ஆர்விட்டுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இதைப் போட்டா காசு கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும்."

"வந்தாலும் அது என் வருஷமா இருக்கப் போறதில்ல."

"இல்ல. அது காசோட வருஷம்" என்றார் வெர்னா. "ஒனக்கு அவசரம்னா போ. நானும் ஸ்வெட்டரும் பாத்துக்கறோம்."

வெர்னா நிஜமாகவே புட்டியைத் திறக்கப் போனார். ஆர்விட்டுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், ஏய், கையில படும், குடு இங்க." துறையில் வேலை பார்த்த அந்தப் பெரிய கை புட்டியை வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூட்ஸிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான் பழைய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து காசுக்கு அடியில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவிட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

ஒரு சொட்டு. பழுப்பு நிறத்தில், தேன்போல, காசிலிருந்த மனிதரின் தோள்மேல் உருண்டு நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. ஆர்விட் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி குனிந்திருந்தார். அடுப்பில் ரொட்டி வாசம் முற்றிக்கொண்டிருந்தது, வெர்னா எழுந்திருக்கவில்லை. பிறகு அந்தச் சொட்டுக்கு அடியில் நிழல்போல ஏதோ அசைந்தது. நிழல் ஒரு கோடானது.

"ஒண்ணு" என்றார் ஆர்விட்.

அதன் பக்கத்தில் ஒரு வளைவு. ஒன்பது. வழவழவென்று தேய்ந்து கிடந்த வெற்றிடத்திலிருந்து, பனிமூட்டத்தில் தூரத்துக் கப்பல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிவதுபோல, எண்கள் வந்தன. இரண்டு. கோர்டி விளக்கியது எல்லாம் எனக்குத் தெரியும். உலோகம் இறுகியிருக்கிறது, ஆசிட் தின்கிறது, அவ்வளவுதான். தெரிந்தும் நானும் தட்டின்மேல் குனிந்துவிட்டேன். எத்தனை ஜேப்புகள், எத்தனை கைகள், எத்தனை கடைகள். இவ்வளவு பேரும் சேர்ந்து தேய்த்தும் அது போகவில்லை.

"கடைசி எண்ணு ஏழு" என்றார் வெர்னா.

"ஒண்ணு."

"ஏழுய்யா. மேல கொக்கி தெரியல?"

"ஒன் கண்ணுக்கு இப்பத்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கு, நீ பேசற."

"அதனாலதான் எனக்கு நல்லாத் தெரியுது. கெழவன் கண்ணு, ஒனக்கு என்ன தெரியும்?"

"கழுவுங்க, இன்னும் தின்னுடும்!" என்று நான் கத்திவிட்டேன். ஆர்விட் காசைக் கிண்ணத்தில் போட்டு எடுத்தார். தோள்பட்டையில் கறை விழுந்திருந்தது. கறைக்கு நடுவில் வருஷம் நின்றது. ஏழோ ஒன்றோ, எப்படிப் பார்த்தாலும் ஆர்விட் பிறப்பதற்கு வெகு முந்தைய வருஷம்தான். அவர் காசைச் சட்டை நுனியால் ஒற்றி, பூதக்கண்ணாடியை வைத்து, மறுபடி பார்த்தார். மறுபடி.

"உள்ளயே இருந்திருக்கு" என்றார். "யாருக்கும் தெரியாம."

வெர்னா ரொட்டியை எடுக்க எழுந்தார். கொஞ்சம் கருகிவிட்டது. அவர் பக்கம் திரும்பாமலே ஆர்விட் பேசினார். "டாக்டர் பல்லை எண்ணினாரு. அம்மா காலைப் பாத்தாங்க. ரெண்டு பேரும் தோராயம்தான். ஆனா என்னைப் பெத்த எவளோ ஒருத்திக்கு அந்த நாள் சரியாத் தெரியும், வெர்னா. சொல்லாமப் போனாலும், அவளுக்குத் தெரியும். அன்னிக்கு அவ அங்க இருந்தாளே."

வெர்னா ரொட்டித் தட்டைப் பிடித்தபடி நின்றார். சூடு துணி வழியாகச் சுட்டிருக்க வேண்டும், கீழே வைக்கவில்லை.

"ஆமா. இருந்தா" என்றார்.

ஆர்விட் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இழுவைப் பலகையின் கயிற்றை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கரையோரத்தில் வெயில் பட்டுத் தண்ணீர் மின்னியது. பிறகு பலகையைத் திருப்பிக் கொட்டகைக்கு இழுத்துப் போய், துளைப்பானை மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். அது கழல வெகுநேரம் ஆனது.

"கேக்குல மெழுகுவத்தி எத்தனை வெக்கப் போற?" என்று கேட்டார், தரையைப் பார்த்தபடி.

வெர்னா அலமாரியைத் திறந்தார். வருஷா வருஷம் வாங்கி ஏற்றாமலே வைத்திருந்த பெட்டிகள் அத்தனையும் அங்கே இருந்தன.

"இருக்கறதெல்லாம்" என்றார்.

"வீடு பத்திக்கும்" என்றேன் நான்.

"ஸ்வெட்டர் இருக்குல்ல, போட்டு அமுக்கிக்கலாம்" என்றார் ஆர்விட். காசு அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. கட்டைவிரல் தோள்பட்டைக்குப் போய், தேய்க்காமல், சும்மா அதன்மேல் நின்றது.